மலைவளைவில் விழுந்த மரம்: ஆங்கிலக் கதையில் டென்ஸ் திருத்தம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழில் கதை சொன்னால் கேட்பவரைக் கட்டிப்போடக்கூடியவர்கள்கூட, அதே கதையை ஆங்கிலத்தில் எழுதும்போது அது புகார் மனு போல ஆகிவிடுகிறது. சொல்வளம் போதவில்லை என்றுதான் பலரும் முடிவுகட்டுகிறார்கள். அகராதியைப் புரட்டிக் கனமான சொற்களைத் தேடிச் சொருகுகிறார்கள். அப்படியும் காட்சி கண்முன் வருவதில்லை. பழுது பெரும்பாலும் வினைமுற்றில்தான் இருக்கிறது. எந்த வினைக்கு எந்த டென்ஸ் என்பது சரியானால், பள்ளிக்கூடத்துச் சாதாரணச் சொற்களே போதும்.

இதைக் காட்ட ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொள்கிறோம். மலைப்பாதை, இரவு, மழை, ஒரு பேருந்து. பத்தி இந்த ஆய்வுக்காகவே எழுதப்பட்டது. ஆனால் அதில் உள்ள பிழைகள் கற்பனையல்ல. தமிழ்வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவர்களின் எழுத்தில் திரும்பத் திரும்பத் தென்படுபவை.

மூலப் பத்தி

1. இட் ஹேட் ரெய்ன்ட் சின்ஸ் ஈவ்னிங்.
2. த டிரைவர் ஹேட் டிரிவன் சின்ஸ் மார்னிங், அண்ட் ஹிஸ் ஐஸ் ஹேட் பர்ன்ட்.
3. த பாசஞ்சர்ஸ் ஹேட் ஸ்லெப்ட்.
4. எ கேர்ள் ஹேட் சேட் பை த விண்டோ, அண்ட் ஷி லுக்ட் அட் த ரோட்.
5. வென் ஷி வாஸ் ஸ்மால், ஹெர் ஃபாதர் வாஸ் டெல்லிங் ஹெர் அன் ஓல்ட் ஸ்டோரி அட் திஸ் பெண்ட்.
6. சடன்லி எ ட்ரீ வாஸ் ஃபாலிங் அக்ராஸ் த ரோட்.
7. த டிரைவர் வாஸ் ஹிட்டிங் த பிரேக்ஸ், அண்ட் த பஸ் ஹேட் ஸ்கிடட்.
8. த கேர்ள் வாஸ் நோயிங் தட் சம்திங் வில் ஹேப்பன்.
9. ஷி வாஸ் ஸ்க்ரீமிங்.
10. த பஸ் ஹேட் ஸ்டாப்ட் ஒன் ஃபுட் ஷார்ட் ஆஃப் த ட்ரீ.
11. நோபடி ஹேட் ஸ்போக்கன்.

வாக்கியங்கள் 11, வினைமுற்றுகள் 16. அவற்றில் 'ஹேட்' போட்ட பாஸ்ட் பர்ஃபெக்ட் 8. 'வாஸ்' போட்ட பாஸ்ட் கன்டினியூவஸ் 5. 'லுக்ட்', 'வாஸ் ஸ்மால்' போன்ற வெறும் கடந்தகாலமான சிம்பிள் பாஸ்ட் 2 மட்டுமே. மீதி ஒன்று 'வில்'. கணக்கைப் பார்த்தாலே நோய் தெரிகிறது. ஆங்கிலக் கதையின் முதுகெலும்பு சிம்பிள் பாஸ்ட். இந்தப் பத்தியில் அது இரண்டே இடத்தில் இருக்கிறது. அந்த இரண்டும் கதையை நகர்த்தும் வினைகளல்ல.

'ஹேட்' எங்கிருந்து வந்தது

இந்த எட்டு 'ஹேட்'களையும் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. எழுதியவர் தமிழில் சரியாக யோசித்திருக்கிறார். 'பயணிகள் தூங்கியிருந்தார்கள்', 'ஒரு சிறுமி சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்' என்பவை நல்ல தமிழ். 'இருந்த' என்று முடிந்தால் 'ஹேட்' என்று பாடம் படித்திருக்கிறார், அப்படியே போட்டிருக்கிறார். சிக்கல் என்னவென்றால், தமிழில் இந்த 'இருந்த' மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. ஆங்கிலத்தில் அந்த மூன்றுக்கும் மூன்று தனி வடிவங்கள்.

முதல் வேலை, முந்தி முடிந்ததைச் சொல்வது. 'நான் போய்ச் சேர்வதற்குள் அவர் கிளம்பியிருந்தார்.' இங்கே 'ஹி ஹேட் லெஃப்ட்' சரி. இதுவே உண்மையான பாஸ்ட் பர்ஃபெக்ட்.

இரண்டாவது வேலை, அந்த நேரத்தில் நிலவிய நிலையைச் சொல்வது. 'கதவு திறந்திருந்தது', 'பேருந்து நின்றிருந்தது', 'அவள் உட்கார்ந்திருந்தாள்'. கதவு எப்போது திறந்தது என்பது இங்கே பேச்சே இல்லை. பார்த்த நேரத்தில் எப்படி இருந்தது என்பதுதான் செய்தி. ஆங்கிலத்தில் இது 'த டோர் வாஸ் ஓப்பன்', 'த பஸ் வாஸ் ஸ்டாண்டிங்', 'ஷி வாஸ் சிட்டிங்'. 'த டோர் ஹேட் ஓப்பன்ட்' என்று எழுதினால் கதவு அசைந்து திறந்த செயல் முன்பே நடந்து முடிந்தது என்று பொருள்படும். வாசகர் உடனே யார் திறந்தது என்று தேட ஆரம்பிப்பார். எழுதியவர் வைக்காத ஒரு புதிர் அங்கே முளைத்துவிடும்.

மூன்றாவது வேலை, பழைய சேதியைச் சொல்வது. 'போன வருஷம் ஒருதடவை இங்கே வந்திருந்தார்.' இதற்கு ஆங்கிலத்தில் வெறும் 'ஹி கேம் ஹியர் ஒன்ஸ் லாஸ்ட் இயர்' போதும். எவ்வளவு பழையது என்பதற்காக ஆங்கிலம் 'ஹேட்' போடுவதில்லை. நூறு வருடத்துக்கு முன் நடந்ததும் சிம்பிள் பாஸ்ட்தான். கதையில் இன்னொரு கடந்தகாலப் புள்ளி நின்றுகொண்டிருந்து, அதற்கும் முந்தியதைச் சொல்லும்போதுதான் 'ஹேட்' வேண்டும்.

மூன்றையும் பிரிக்க எளிய சோதனை உண்டு. வாக்கியத்தின் தமிழ் வடிவத்தில் 'அதற்கு முன்பே' என்று சேர்த்துப் பாருங்கள். இயல்பாக உட்கார்ந்தால் 'ஹேட்'. உட்காரவில்லையென்றால் 'அப்போது அந்த நிலையில்' என்று சேர்த்துப் பாருங்கள். அது பொருந்தினால் 'வாஸ்' போட்டு ஒரு பெயரடையோ, 'சிட்டிங்' போல ஐஎன்ஜி என்று முடியும் வினை வடிவமோ. இரண்டுமே ஒட்டவில்லையென்றால் சிம்பிள் பாஸ்ட்.

நம் பத்தியில் இந்தச் சோதனையை ஓட்டினால், 'பயணிகள் தூங்கியிருந்தார்கள்', 'சிறுமி உட்கார்ந்திருந்தாள்', 'கண் எரிந்தது' மூன்றும் நிலை. அவை 'வேர் அஸ்லீப்', 'வாஸ் சிட்டிங்', 'வேர் பர்னிங்' ஆகின்றன. பேருந்து சறுக்கியது, நின்றது, யாரும் பேசவில்லை என்ற மூன்றும் வரிசையாக நடந்தவை. சிம்பிள் பாஸ்ட் ஆகின்றன. மழையும் ஓட்டுவதும் முன்பே தொடங்கி அந்த நிமிடம்வரை நீண்டவை. அவற்றுக்கு 'ஹேட் பீன்' போட்ட பாஸ்ட் பர்ஃபெக்ட் கன்டினியூவஸ். ஆக, எட்டில் ஒன்றுகூட வெறும் 'ஹேட்' ஆகத் தங்கவில்லை.

தவறான 'ஹேட்' காட்சியை ஏன் கொல்கிறது

இலக்கணப் பிழை என்பதற்கு மேல் ஒரு காரணம் இருக்கிறது. தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைஷென்பாக் 1947-ல் டென்ஸை மூன்று புள்ளிகளால் விளக்கினார். பேசும் நேரம் ஒன்று, செயல் நடந்த நேரம் ஒன்று, எந்த நேரத்தில் நின்று பார்க்கிறோம் என்ற பார்வை நேரம் ஒன்று. 'த பஸ் ஸ்டாப்ட்' என்றால் செயல் நேரமும் பார்வை நேரமும் ஒன்றாக இருக்கின்றன. பேருந்து நிற்கும் கணத்தில் வாசகரும் அங்கேயே நிற்கிறார். 'த பஸ் ஹேட் ஸ்டாப்ட்' என்றால் பார்வை நேரம் செயலுக்குப் பின்னால் தள்ளிப் போகிறது. வாசகர் வந்து சேரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. மரத்துக்கு ஒரு அடி முன்னால் பேருந்து நின்ற கணம்தான் இந்தக் கதையின் உயிர். அந்தக் கணத்தில் வாசகரை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுகிறது ஒரு 'ஹேட்'.

ஆகவே ஒவ்வொரு வினையிடமும் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த நிமிடத்தில் வாசகர் எங்கே நிற்கிறார்?' என்பதே. டென்ஸின் பெயர் பிறகு தானாக வரும்.

ஓடும் காட்சிக்கு ஐஎன்ஜி உதவாது

'வாஸ் ஃபாலிங்', 'வாஸ் ஹிட்டிங்', 'வாஸ் ஸ்க்ரீமிங்' என்ற பிழைகளைத் தமிழின் மேல் போட முடியாது. 'திடீரென்று ஒரு மரம் விழுந்துகொண்டிருந்தது' என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. ஐஎன்ஜி போட்டால் காட்சி கண்முன் ஓடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்த பாடம் இது. அந்தப் பாடம் பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு கெடுதல் செய்கிறது.

பாஸ்ட் கன்டினியூவஸ் செயலின் நடுப்பகுதியை மட்டும் காட்டும். தொடக்கமும் முடிவும் அதில் தெரியாது. 'எ ட்ரீ வாஸ் ஃபாலிங்' என்றால் மரம் அந்தரத்தில் நிற்கிறது. தரையைத் தொட்டதா இல்லையா என்று வாக்கியம் சொல்லவில்லை. தத்துவ அறிஞர் ஸினோ வெண்ட்லர் 1957-ல் வினைகளை நான்காகப் பிரித்தது இங்கே நேரடியாகப் பயன்படும். தெரிதல், நம்புதல் போன்ற நிலைகள் ஒரு வகை. ஓடுதல், பெய்தல் போன்ற முடிவெல்லை இல்லாத செயல்கள் இரண்டாவது. வீடு கட்டுதல் போல நேரமெடுத்து ஒரு முடிவை எட்டுபவை மூன்றாவது. வந்து சேர்தல், கண்டுபிடித்தல் போல ஒரு கணத்தில் நிகழ்பவை நான்காவது.

ஐஎன்ஜியோடு இந்த நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்கின்றன. நிலை வினை பொதுவாக அதை ஏற்பதில்லை, 'வாஸ் நோயிங்' அதனால்தான் இடறுகிறது. இரண்டாம் வகைக்கு அது பொருத்தமான உடை: 'வாஸ் ரெய்னிங்', 'வாஸ் ரன்னிங்'. மூன்றாம் வகையில் வேலை முடியவில்லை என்று பொருள் தரும். நான்காம் வகையில், நடக்கப்போகிறது, இன்னும் நடக்கவில்லை என்று பொருள் மாறும். 'த பஸ் வாஸ் ஸ்டாப்பிங்' என்றால் பேருந்து நிற்கும் தறுவாயில் இருக்கிறது, நிற்கவில்லை. 'நின்றுகொண்டிருந்தது' என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுபவர்கள் ஏராளம். அதற்கு 'வாஸ் ஸ்டாண்டிங்' வேண்டும். கணநேரச் செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியுமானால் இன்னொரு பொருளும் வரும்: 'வாஸ் ஹிட்டிங் த பிரேக்ஸ்' என்றால் ஓட்டுநர் பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக்கொண்டே இருக்கிறார்.

எது ஓடும் காட்சி, எது பின்னணி என்று தடுமாறினால் அதற்கும் சோதனை இருக்கிறது. மொழி ஆய்வாளர்கள் வில்லியம் லபோவும் ஜோஷுவா வாலெட்ஸ்கியும் 1967-ல் வாய்மொழிக் கதைகளை ஆராய்ந்தபோது, இடம் மாற்றினால் கதையே மாறிவிடும் வாக்கியங்களைத் தனியாகப் பிரித்தார்கள். நம் பத்தியில் 3-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒன்றும் ஆகாது. பயணிகள் தூங்கினார்கள், சிறுமி உட்கார்ந்திருந்தாள். எதை முன்னால் சொன்னாலும் ஒன்றுதான். 7-ஐயும் 9-ஐயும் மாற்றிப் பாருங்கள். சிறுமி அலறியதால் ஓட்டுநர் பிரேக் போட்டார் என்று கதை திரும்பிவிடுகிறது. இடம் மாற்ற முடியாத வாக்கியங்கள்தான் சங்கிலி. சங்கிலி முழுவதும் சிம்பிள் பாஸ்ட். மாற்றக்கூடியவை பின்னணி, ஐஎன்ஜியும் 'ஹேட் பீன்'னும் நிலைச் சொற்களும் அங்கேதான் குடியிருக்க வேண்டும்.

வாக்கியம் வாக்கியமாகத் திருத்தம்

6-ஆம் வாக்கியத்தில் 'சடன்லி' என்ற சொல் உதவுவதற்குப் பதில் கெடுக்கிறது. திடீரென்று என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் திடீர் எங்கே இருக்கும்? ஆங்கிலத்தில் இதற்கு நல்ல கட்டமைப்பு ஒன்று உண்டு: நீளும் செயலை முதலில் 'வாஸ் ஜஸ்ட்' போட்டு நிறுத்திவைப்பது, பிறகு 'வென்' போட்டு நிகழ்ச்சியைக் கடைசியில் விடுவது.

த பஸ் வாஸ் ஜஸ்ட் டர்னிங் இன்டு த பெண்ட் வென் எ ட்ரீ ஃபெல் அக்ராஸ் த ரோட்.

வரிசை முக்கியம். 'வென் எ ட்ரீ ஃபெல் அக்ராஸ் த ரோட், த பஸ் வாஸ் டர்னிங்' என்று திருப்பிப் போட்டால் இலக்கணம் சரியாகவே இருக்கும். ஆனால் மரம் பழைய சேதியாகிவிடும். பேருந்து திரும்பியதுதான் புதிய சேதி என்று ஆகும். இதே இடத்தில் 'ஹார்ட்லி ஹேட் த பஸ் டர்ன்ட் வென் எ ட்ரீ ஃபெல்' என்றும் எழுதலாம். அங்கே 'ஹேட்' நியாயமாக வருகிறது. 'நோ சூனர்' என்று தொடங்கினால் மட்டும் பின்னால் 'தேன்' வர வேண்டும். 'வென்' போடுவது பரவலான தவறு. இந்த இரண்டும் சற்று விறைப்பான வடிவங்கள். ஒரு கதையில் ஒருமுறைக்கு மேல் வந்தால் செயற்கை தட்டும்.

5-ஆம் வாக்கியம் பழக்கத்தைச் சொல்கிறது. 'சின்ன வயதில் இந்த வளைவு வந்தால் அப்பா ஒரு பழைய கதை சொல்லுவார்.' தமிழில் கடந்தகாலப் பழக்கத்துக்கு எதிர்கால வடிவமான 'சொல்லுவார்' வருகிறது. ஆங்கிலமும் அதே வழியில் 'வில்' என்பதன் கடந்த வடிவமான 'வுட்' போடுகிறது. 'ஹெர் ஃபாதர் வுட் டெல் ஹெர் அன் ஓல்ட் ஸ்டோரி.' தமிழ்க் காது இங்கே நேரடியாகத் துணைக்கு வரும், நம்பிப் பயன்படுத்தலாம். இரண்டு வரம்புகள் மட்டும் உண்டு. 'வுட்' நிலைக்கு வராது: 'முன்பு இங்கே ஒரு வீடு இருக்கும்' என்பதற்கு 'தேர் யூஸ்ட் டு பி எ ஹவுஸ் ஹியர்' என்றுதான் எழுத வேண்டும். மேலும் எந்தக் காலம் என்று முன்னால் ஒரு நங்கூரம் வேண்டும். 'வென் ஷி வாஸ் ஸ்மால்' அந்த வேலையைச் செய்கிறது. நங்கூரம் இல்லாமல் திடீரென்று 'வுட்' வந்தால் 'செய்வார், ஆனால்' என்ற நிபந்தனைப் பொருள் தொற்றிக்கொள்ளும். 'யூஸ்ட் டு'வுக்கு இந்தத் தேவை இல்லை.

8-ஆம் வாக்கியத்தில் இரண்டு பழுதுகள். 'வாஸ் நோயிங்' வெறும் 'நியூ' ஆக வேண்டும். 'வில்' வந்ததற்குக் காரணம், தமிழில் 'ஏதோ நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது' என்று உள்வாக்கியத்தின் காலத்தைத் தொடாமல் விடுகிறோம். ஆங்கிலத்தில் வெளிவினை கடந்தகாலமானால் உள்வினையும் பின்னால் நகரும்: 'வாஸ் கோயிங் டு ஹேப்பன்'. 'வுட் ஹேப்பன்' என்றும் எழுதலாம், ஆனால் அறிகுறிகளைக் கண்ணால் பார்த்து உணரும் இடத்தில் 'வாஸ் கோயிங் டு' தான் பொருந்தும்.

டென்ஸ் சரியான பிறகும் இந்த வாக்கியம் இடறும். பிரேக் போட்டு, வண்டி சறுக்கி, அலறல் எழ வேண்டிய நேரத்தில் ஒரு நிலைவினை குறுக்கே வந்து உட்கார்கிறது. நிலைவினை நேரத்தை நகர்த்தாது. அங்கே கதை நின்றுபோகும். மரம் விழுவதற்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் அதே வாக்கியம் அச்சத்தை ஏற்றும். டென்ஸ் திருத்தம் பல சமயம் இப்படி வாக்கிய வரிசைத் திருத்தத்தில்தான் போய் முடியும்.

திருத்திய பத்தி

இட் ஹேட் பீன் ரெய்னிங் சின்ஸ் ஈவ்னிங். த டிரைவர் ஹேட் பீன் டிரைவிங் சின்ஸ் மார்னிங், அண்ட் ஹிஸ் ஐஸ் வேர் பர்னிங். த பாசஞ்சர்ஸ் வேர் அஸ்லீப். எ கேர்ள் வாஸ் சிட்டிங் பை த விண்டோ, லுக்கிங் அட் த ரோட். வென் ஷி வாஸ் ஸ்மால், ஹெர் ஃபாதர் வுட் டெல் ஹெர் அன் ஓல்ட் ஸ்டோரி அட் திஸ் பெண்ட். ஷி நியூ சம்திங் வாஸ் கோயிங் டு ஹேப்பன்.

த பஸ் வாஸ் ஜஸ்ட் டர்னிங் இன்டு த பெண்ட் வென் எ ட்ரீ ஃபெல் அக்ராஸ் த ரோட். த டிரைவர் ஹிட் த பிரேக்ஸ். த பஸ் ஸ்கிடட். ஷி ஸ்க்ரீம்ட். த பஸ் ஸ்டாப்ட் ஒன் ஃபுட் ஷார்ட் ஆஃப் த ட்ரீ. நோபடி ஸ்போக்.

வினைமுற்றுகள் அதே 16. இப்போது சிம்பிள் பாஸ்ட் 9, பாஸ்ட் கன்டினியூவஸ் 3, 'ஹேட் பீன்' 2, 'வுட்' 1, 'வாஸ் கோயிங் டு' 1. சொற்கள் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. முதல் பத்தியில் நேரம் அசையவில்லை. இரண்டாவது பத்தியில் 'ஃபெல்' தொடங்கி ஆறு சிம்பிள் பாஸ்ட் அடுத்தடுத்து வருகின்றன. நிறுத்தி வைத்துவிட்டு ஓடவிட்டதால்தான் ஓட்டம் தெரிகிறது.

'ஹேட் பீன் டிரைவிங்' பற்றி ஒரு நுணுக்கம். எவ்வளவு நேரமாக என்றால் கன்டினியூவஸ். எவ்வளவு தூரம், எத்தனை தடவை என்று அளவு சொன்னால் வெறும் 'ஹேட்': 'ஹி ஹேட் டிரிவன் 300 கிலோமீட்டர்ஸ்'. இரண்டுக்கும் கதையில் வெவ்வேறு பலன். கன்டினியூவஸ் அந்தச் செயலின் தடயத்தை உடம்பில் விட்டுவைக்கும். அதற்குப் பக்கத்திலேயே எரியும் கண்ணைக் காட்டினால், களைப்பு என்ற சொல்லே தேவைப்படாது. மூலப் பத்தியில் 'வெரி டயர்ட்' என்று எழுதாமல் கண் எரிவதைப் பிடித்தது எழுதியவரின் நல்ல உள்ளுணர்வு. வினை வடிவம்தான் அதைக் காட்டவிடவில்லை.

நடுவிலிருந்து தொடங்கினால்

மரம் விழுவதை முதல் வாக்கியமாக வைத்துப் பின்னால் போவதானால், அப்போதுதான் வெறும் 'ஹேட்' தன் உண்மையான வேலைக்கு வருகிறது. இங்கே எதிர்ப்பக்கப் பிழை தலைகாட்டும்: பின்னோக்கிய பகுதி முழுவதும் ஒவ்வொரு வினைக்கும் 'ஹேட்' போட்டுக்கொண்டே போவது. 'ஹேட் ஸ்டாப்ட், ஹேட் ரப்ட், ஹேட் லுக்ட், ஹேட் ஸ்டார்ட்டட்' என்று நான்கு வரிசையாக வந்தால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும்.

வழக்கம் இது: நுழையும்போது ஒன்றோ இரண்டோ 'ஹேட்'. வாசகர் பழைய நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்று தெரிந்ததும் சிம்பிள் பாஸ்டுக்கு இறங்கிவிட வேண்டும். வெளியே வரும்போது ஒரு தெளிவான குறி.

எ ட்ரீ ஃபெல் அக்ராஸ் த ரோட். அன் அவர் எர்லியர் த டிரைவர் ஹேட் ஸ்டாப்ட் பை த ரோட்சைட். ஹி ஹேட் தாட் ஆஃப் வெயிட்டிங் டில் மார்னிங். ஹி ரப்ட் ஹிஸ் ஐஸ், லுக்ட் அட் த கிளாக் அண்ட் ஸ்டார்ட்டட் த எஞ்சின் அகெய்ன். நவ் த ட்ரீ லே இன் ஹிஸ் ஹெட்லைட்ஸ்.

'நவ்' என்ற ஒரு சொல் வாசகரை மரத்தடிக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. சிம்பிள் பாஸ்டோடு 'நவ்' சேரக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். கதையில் அது பார்வை நேரத்தைக் குறிக்கும், தாராளமாகச் சேரும். வெளியேறும் குறியை மறந்துவிட்டால், மரம் விழுந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்பா பின்பா என்று வாசகர் குழம்புவார். பின்னோக்கிய பகுதி அரைப் பக்கத்துக்கு மேல் நீண்டால், முடிகிற இடத்தில் கடைசியாக ஒரு 'ஹேட்' போட்டுவிட்டு வெளியேறுவது பாதுகாப்பு.

வருவதை முன்கூட்டிச் சொல்வது

'வுட்', 'வாஸ் டு', 'வாஸ் அபௌட் டு' மூன்றும் கடந்தகாலத்தில் நின்றபடி முன்னால் பார்ப்பவை. தூரம்தான் வேறுபாடு. 'வாஸ் அபௌட் டு' அடுத்த நொடி. 'ஹி வுட் நெவர் டிரைவ் தட் ரோட் அகெய்ன்' என்பது ஆண்டுகளைத் தாண்டும். கதைசொல்லிக்குத் தெரிந்தது, பாத்திரத்துக்குத் தெரியாதது. 'வாஸ் டு' விதி போல ஒலிக்கும். 'ஹி வாஸ் டு ஹேவ் ரீச்ட் த டவுன் பை நைன்' என்றால் ஒன்பதுக்குள் சேர வேண்டியவர், சேரவில்லை. 'இல்லை' என்ற சொல்லே இல்லாமல் ஏமாற்றம் வந்துவிடுகிறது. தமிழர் எழுத்தில் அரிதாகத் தென்படும் இந்த வடிவத்தைப் பழகிக்கொள்வது நல்ல முதலீடு.

ஆனால் 'வுட்'டுக்கு விலை உண்டு. 'இந்த இரவை அவள் பல வருடம் நினைத்துக்கொண்டிருப்பாள்' என்று மரம் விழுவதற்கு முன் எழுதினால், சிறுமி பிழைத்துவிடுவாள் என்பதை எழுத்தாளரே போட்டுக்கொடுத்துவிடுகிறார். பதற்றம் அங்கேயே வடிந்துவிடும். பேருந்து நின்ற பிறகுதான் அந்த வாக்கியத்துக்கு இடம். ஓட்டுநரின் கதி பற்றிய 'நெவர் அகெய்ன்' வேறு கதை: ஏன் என்ற கேள்வியை எழுப்புவதால் முன்னால் வந்தாலும் தாங்கும்.

முழுவதையும் நிகழ்காலத்தில் எழுதினால்

நிகழ்காலத்தில் எழுதினால் தானாகவே உயிர் வந்துவிடும் என்று நினைத்து மாற்றுபவர்கள் பாதியில் சிக்கிக்கொள்கிறார்கள். காரணம், வினைகளை ஒவ்வொன்றாக மாற்ற முடியாது. ஏணியையே ஒரு படி நகர்த்த வேண்டும். 'ஹேட் பீன் ரெய்னிங்' என்பது 'ஹேஸ் பீன் ரெய்னிங்' ஆகும். 'வேர் பர்னிங்' 'ஆர் பர்னிங்' ஆகும். 'ஃபெல்' 'ஃபால்ஸ்' ஆகும், 'இஸ் ஃபாலிங்' அல்ல. சங்கிலி வினைக்கு இங்கேயும் ஐஎன்ஜி கிடையாது. நேரடி விளையாட்டு வர்ணனையைக் கேட்டால் இது புரியும்: பந்தை அடிக்கும் கணம் சிம்பிள் பிரசன்ட், மைதானத்தில் நீளும் நிலை கன்டினியூவஸ்.

நம் பத்தியில் 16-ல் 14 வினைகள் மாறும். 'வென் ஷி வாஸ் ஸ்மால்', 'வுட் டெல்' என்ற இரண்டு மட்டும் அப்படியே நிற்கும், ஏனென்றால் அவை ஏற்கெனவே பழைய காலத்தைச் சேர்ந்தவை. ஓட்டுநர் ஒரு மணி நேரம் முன்பு வண்டியை நிறுத்திய செய்தியைச் சேர்த்தால் அது 'ஹேட் ஸ்டாப்ட்' அல்ல, 'அன் அவர் எர்லியர் ஹி ஸ்டாப்ட்'. 'ஹேஸ் ஸ்டாப்ட்' என்றும் வராது, குறிப்பிட்ட நேரத்தோடு பிரசன்ட் பர்ஃபெக்ட் சேராது. நிகழ்காலக் கதையில் தங்கிப்போன 'ஹேட்'கள்தான் அதிகம் கண்ணில் படும் பழுது. மாற்றி முடித்ததும் கோப்பில் அந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தாலே அவை சிக்கிவிடும்.

கடந்தகாலத்தில் ஓடும் கதை உச்சத்தில் மட்டும் நிகழ்காலத்துக்குத் தாவுவது தனி உத்தி. தமிழ்ப் பேச்சில் நாம் இதை நாள்தோறும் செய்கிறோம்: 'நேத்து அவங்க வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டறேன், தட்டறேன், யாருமே வரலை.' ஆங்கிலப் பேச்சிலும் இதே பழக்கம் இருக்கிறது. மொழியியலாளர் டெபோரா ஷிஃப்ரின் 1981-ல் பேச்சுக் கதைகளை ஆராய்ந்தபோது, இந்தத் தாவல் நிகழ்ச்சிச் சங்கிலிக்குள்தான் வருகிறது, பின்னணிப் பகுதியில் வருவதில்லை என்று கண்டார். எழுத்திலும் அதே எல்லையை வைத்துக்கொள்ளலாம். பாத்திரம் ஒன்று தன் வாயால் சொல்லும் கதையில் தாவல் அழகு. பேச்சுக் குரல் இல்லாத கதைசொல்லியின் நடையில், ஒரே பத்திக்குள் 'ஃபெல்' அடுத்து 'ஹிட்ஸ்' என்று வந்தால் அது பிழையாகவே வாசிக்கப்படும். தாவத்தான் வேண்டுமென்றால் பத்தி மாறும் இடத்தில் தாவி, அந்தக் காட்சி முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டு, இன்னொரு பத்தியில் திரும்புங்கள்.

சொந்த எழுத்தில் செய்து பார்க்க

ஒரு பக்கத்தை அச்சிட்டு வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். 'லுக்கிங்' போன்று தனியே நிற்கும் ஐஎன்ஜிக்குக் கோடு வேண்டாம். முதலில் இடமாற்றச் சோதனை வைத்துச் சங்கிலி வினைகளை வட்டமிட்டு, அவற்றை எல்லாம் சிம்பிள் பாஸ்ட் ஆக்குங்கள். அடுத்து ஒவ்வொரு 'ஹேட்'டுக்கும் 'அதற்கு முன்பே' சோதனை. மூன்றாவதாகச் சங்கிலிக்கு நடுவே நிலைவினை ஏதாவது சிக்கியிருந்தால் அதை முன்னாலோ பின்னாலோ நகர்த்துங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். 'ஹேட்'டில் தொடங்கினால் எதற்கு முன்பே என்று அளக்கப் புள்ளியே இருக்காது. சங்கிலி நின்ற பிறகுதான் அந்தப் புள்ளி கிடைக்கிறது.

உரையாடலுக்கு இந்தச் சோதனைகளை வைக்காதீர்கள். மேற்கோளுக்குள் பேசுபவரின் நேரம் தனி. கடந்தகாலக் கதையில் ஓட்டுநர் 'ஐ ஹேவ் பீன் டிரைவிங் சின்ஸ் மார்னிங்' என்றுதான் சொல்வார். மேற்கோளை எடுத்துவிட்டுக் கதைசொல்லி வாயில் போட்டால்தான் அது 'ஹேட் பீன்' ஆகும்.